வாசகர் எழுதியதற்குத் தளம் நடத்துபவர் பொறுப்பா?

கேள்வி: எங்கள் மாவட்டத்து மருத்துவமனைகள், பள்ளிகள், கடைகள் பற்றி மக்கள் தங்கள் அனுபவத்தை எழுதுவதற்காக ஓர் இணையதளம் நடத்துகிறேன். தனியார் மருத்துவமனை ஒன்று முதலில் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்கு பில் போட்டதாக ஒருவர் எழுதினார். அந்தப் பதிவை 7 நாளில் நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று மருத்துவமனையின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். "இங்கே வெளியாகும் கருத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று தளத்தின் அடியில் போட்டிருக்கிறேன். அது போதாதா? நான் ஜெயிலுக்குப் போக நேருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். அவதூறு வழக்கில் போலீஸ் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவுப்படி அது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல. ஜாமீன் பெறக்கூடியதும் கூட. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் தாமே மாஜிஸ்திரேட் முன் புகார் கொடுத்து, வழக்கை நடத்தி, நிரூபிக்க வேண்டும். அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டு வெறுங்காவல். அந்த நிலை வரைக்கும் இது போவதற்குள் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அந்தப் "பொறுப்பல்ல" வரியிலிருந்து தொடங்குகிறேன். நம் வாரப் பத்திரிகைகளிலும் சிறுபத்திரிகைகளிலும் "கட்டுரையாளர்களின் கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் பார்த்துப் பழகிய நமக்கு அது ஏதோ காப்புக் கயிறு போலத் தோன்றுகிறது. அச்சு உலகிலேயே அதற்குப் பலம் கிடையாது. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் பத்திரிகையில் ஆசிரியர் என்று யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவரைப் பொறுப்பாக்க அந்த அச்சே போதுமான சான்று என்றது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். இணையத்திலும் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது. உங்களைக் காப்பாற்றக்கூடியது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆம் பிரிவு. அது நிபந்தனையோடு தரப்படும் பாதுகாப்பு. நிபந்தனையை நிறைவேற்றினீர்களா என்பதை நீங்கள் அன்றாடம் நடந்துகொள்ளும் விதம்தான் காட்டும்.

அடுத்தவர் எழுதியதற்கு இடம் கொடுத்தவன் எப்போது பொறுப்பாகிறான் என்பது இணையத்தோடு பிறந்த கேள்வி அல்ல. இங்கிலாந்தில் ஒரு கோல்ஃப் கிளப்பில் வைத்திருந்த சூதாட்ட இயந்திரங்களைப் போலீஸ் எடுத்துச் சென்ற பிறகு, துப்புக் கொடுத்தவரைச் சாடும் தட்டச்சுப் பாட்டு ஒன்றை யாரோ கிளப் சுவரில் ஒட்டிவிட்டார்கள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கிளப் உரிமையாளர்கள்மீது வழக்குப் போட்டார். 1937-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: சுவர் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஒட்டியது தெரியும், எளிதில் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனாலும் விட்டுவைத்தீர்கள், ஆகவே நீங்களும் அதை வெளியிட்டவர்களே. (குற்றத்தைப் போலீசுக்குச் சொன்னார் என்பது அவதூறு ஆகாது என்று வழக்கு வேறு காரணத்தால் தோற்றது.) சுவர் உங்களுடையது, தெரியும், கிழிக்க முடியும் என்ற மூன்றும் சேரும் இடத்தில்தான் இன்றுவரை சட்டம் நிற்கிறது. பிறகு வந்த மாற்றமெல்லாம் "தெரியும்" என்பதற்கு என்ன பொருள் என்பதில்தான்.

நம் நாட்டில் அந்தப் பொருளை எழுத வைத்தது 2004-ஆம் ஆண்டு பாஜி டாட் காம் வழக்கு. பழைய பொருள்களை ஏலம் விடும் தளம் அது. நவம்பர் 27, சனிக்கிழமை இரவு, பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்க வீடியோவை ஒருவர் அதில் விற்பனைக்குப் போட்டார். பிரதி ஒன்றுக்கு 125 ரூபாய். வாங்குபவர் கொடுத்த 128 ரூபாயில் 3 ரூபாய் தளத்தின் கமிஷன். எட்டுப் பிரதிகள் விற்றன. இது தப்பு என்று ஒரு பயனர் அன்றிரவே தளத்துக்கு எழுதிவிட்டார். பதிவு நீக்கப்பட்டது திங்கள்கிழமை காலை. நடுவில் ஒரு வாரக் கடைசி. அந்த இடைவெளிக்காக நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அவ்னீஷ் பஜாஜ் டிசம்பரில் கைதானார்.

அன்றிருந்த 79-ஆம் பிரிவு அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கு மட்டும்தான் பாதுகாப்புத் தந்தது; இந்திய தண்டனைச் சட்டத்துக்கு எதிராக அது வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரியாது, எல்லாக் கவனமும் எடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவரும் தளம் நடத்துபவர்தான். பஜாஜ்மீதான வழக்கு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதுவும் நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் இயக்குநரை மட்டும் சேர்த்தது செல்லாது என்ற காரணத்துக்காக. அதே தளத்தின் மூத்த மேலாளர் ஒருவர் வழக்கிலிருந்து விடுபட்டது 2016 டிசம்பரில். சனி இரவிலிருந்து திங்கள் காலை வரை இருந்த ஒரு பதிவுக்காக 12 ஆண்டுகள். "கடைசியில் ஜெயித்துவிடலாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வழக்கு நடப்பதே பாதித் தண்டனை.

இந்த வழக்கு கிளப்பிய அதிர்ச்சிக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 2008-இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய 79-ஆம் பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், மூன்றாம் நபர் போட்ட தகவலுக்கு இடையில் நிற்பவர் பொறுப்பல்ல என்கிறது. இடையில் நிற்பவர் யார்? தொலைபேசி நிறுவனம், தேடுபொறி, ஏலத் தளம், இன்டர்நெட் மையம் வரைக்கும் சட்டமே வரிசையாகச் சொல்கிறது. கூகுளும் நீங்களும் அதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பதிப்புரிமை மட்டும் தனி வழியில் போகும். பிறருடைய படத்தையோ கட்டுரையையோ யாராவது உங்கள் தளத்தில் ஏற்றினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வருகிறது: எழுத்துபூர்வமான புகார் வந்தால் 21 நாள் நிறுத்திவைக்க வேண்டும், அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் போடலாம். உங்கள் பிரச்சினை அது அல்ல என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு வேண்டிய நிபந்தனைகள் இவை. தகவலை நீங்கள் தொடங்கிவைத்திருக்கக் கூடாது. யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. தகவலை நீங்கள் பொறுக்கியெடுக்கவோ மாற்றவோ கூடாது. உரிய கவனத்தோடு நடந்துகொள்ள வேண்டும். சட்டவிரோதச் செயலுக்குத் துணைபோயிருக்கக் கூடாது. தெரிய வேண்டிய முறையில் தெரிய வந்ததும், சாட்சியம் கெடாமல் விரைவாக நீக்க வேண்டும்.

இதில் ஆட்கள் சறுக்கும் இடம் "மாற்றவோ கூடாது" என்பதில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் மடிக்கணினியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கல்யாண மண்டபம், சமையல், பந்தல் பற்றி மக்கள் எழுதும் தளம் அவருடையது. தன் மகள் கல்யாணத்தில் நடந்ததை ஒரு தாய் எழுதியிருந்தார். அவர் கொடுத்த தலைப்பு: "இரண்டாம் பந்திக்குச் சாம்பார் இல்லை." உள்ளே இலையில் சோறு போட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டாரைக் காக்கவைத்த அவமானத்தை எட்டு வரியில் எழுதியிருந்தார், ஒரு சொல் கூட வரம்பு மீறவில்லை. நாலு பேர் கூடுதலாகப் படிக்கட்டும் என்று இந்த இளைஞர் தலைப்பை "கல்யாண வீட்டில் மோசடி செய்த சமையல் காண்டிராக்டர்" என்று மாற்றிவிட்டார். காண்டிராக்டரின் வக்கீல் நோட்டீஸில் குறை சொல்லப்பட்டிருந்தது அந்த ஒரே சொல்தான்: மோசடி. எந்த நாள், எத்தனை மணி, யார் மாற்றியது என்பது தளத்தின் பதிவேட்டிலேயே இருந்தது. சாம்பார் தீர்ந்துபோனது அந்தத் தாயின் அனுபவம். மோசடி என்பது இவருடைய சொந்தச் சொல். அதற்கு 79-ஆம் பிரிவில் இடமில்லை. மன்னிப்புக் கடிதம் கொடுத்து, தலைப்பைப் பழையபடி ஆக்கி முடித்தோம். அந்தத் தாயின் எட்டு வரிகள் அப்படியே நின்றன. எனக்கு அதில் இன்றும் மகிழ்ச்சி.

ஆகவே முதலில் உங்கள் தளத்தில் அந்தப் பதிவின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஏதாவது சேர்த்தீர்களா, தலைப்பு வைத்தீர்களா, முகப்பில் ஏற்றி உங்கள் சொற்களில் அறிமுகம் எழுதினீர்களா? எழுத்தளவை மென்பொருள் தானாக மாற்றுவதும், பக்கத்தில் தானாக விளம்பரம் வந்து உட்காருவதும் "மாற்றுதல்" ஆகாது என்று 2016-இல் மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொல்லியிருக்கிறது. தளத்தில் எங்கோ சட்டமீறல் இருக்கக்கூடும் என்ற பொதுவான எண்ணம் போதாது, குறிப்பிட்ட பதிவு பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் உங்கள் விரல் பட்ட இடம் உங்களுடையது.

கெட்ட வார்த்தையை நீக்கினால் நானும் ஆசிரியர் ஆகிவிடுவேனோ, எதையும் தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்போ என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அந்தக் குழப்பம் உண்மையிலேயே இருந்தது. பதிவுகளை எதுவும் பார்க்காத கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை 1991-இல் தப்பித்தது. ஆபாசத்தைச் சலித்து நீக்கிய பிராடிஜி என்ற இன்னொரு சேவை 1995-இல் வெளியீட்டாளர் என்று மாட்டிக்கொண்டது. ஒழுங்காக இருந்தவருக்குத் தண்டனை. அதைச் சரிசெய்யத்தான் 1996-இல் அங்கே 230-ஆம் பிரிவு வந்தது. நம் நாட்டில் 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், விதிகளில் தடைசெய்யப்பட்டதை நீங்களாகவே நீக்கினாலும் 79-இன் பாதுகாப்பு போகாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. நீக்குவது வேறு, திருத்தி எழுதுவது வேறு. இந்தக் கோட்டை மட்டும் தாண்டாதீர்கள்.

இப்போது நோட்டீஸுக்கு வருவோம். வக்கீல் நோட்டீஸ் வந்ததாலேயே உங்களுக்குச் சட்டப்படி "தெரிந்துவிட்டது" ஆகுமா? ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. இணையத்தில் பிறரைப் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை அடியோடு ரத்து செய்த தீர்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பின் பின்பகுதிதான் உங்களுக்கு முக்கியம். நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வந்தால்தான் 79-ஆம் பிரிவின் பொருளில் தெரிந்ததாக ஆகும். அதுவும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 19(2) அனுமதிக்கும் காரணங்களுக்குள் அடங்க வேண்டும். லட்சக்கணக்கில் வரும் கோரிக்கைகளில் எது நியாயம், எது அநியாயம் என்று தளம் நடத்துபவர் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பளிக்க முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

எனக்கு இந்தத் தீர்ப்பின்மீது மிகுந்த மதிப்பு உண்டு. இது இல்லாதிருந்தால் 500 ரூபாய் செலவில் ஒரு நோட்டீஸ் அனுப்பி எந்த நோயாளியின் வாயையும் அடைத்துவிடலாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவருக்குப் போய்ச் சொல்ல இடமே இருக்காது. நோட்டீஸ் வந்த அன்றே பயந்து அழித்துவிடும் தளங்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் அழிப்பது தங்கள் சொத்தை அல்ல, தங்களை நம்பி எழுதியவரின் சொல்லை.

ஆனால் நோட்டீஸைக் குப்பையில் போடுவதும் தவறு. 2021 விதிகள், பயனர் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாத் தளங்களுக்கும் சில கடமைகளை வைத்திருக்கின்றன. 50 லட்சம் பதிவுபெற்ற பயனர்களைத் தாண்டிய பெரிய சமூக ஊடகங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. அவை உங்களைத் தொடாது. குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு முகவரியும் தளத்தில் தெரியும்படி இருக்க வேண்டும். தனி ஆளாக நடத்துகிறீர்கள் என்றால் உங்கள் பெயரையே போடுங்கள். விதிமுறைகளைத் தமிழிலேயே தரலாம். எட்டாவது அட்டவணை மொழிகளுக்கு விதி இடம் கொடுக்கிறது. புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, 15 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று 2021-இல் எழுதினார்கள். நீதிமன்ற அல்லது அரசு உத்தரவு வந்தால் நீக்குவதற்கு அப்போது 36 மணி நேரம் கொடுத்தார்கள். இந்தக் கெடுகள் திருத்தத்துக்குத் திருத்தம் குறுகிக்கொண்டே வருகின்றன. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் தளத்தில் கடைசித் திருத்தத்தோடு கூடிய விதிகளை இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள். நீக்கியதை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இவற்றில் தவறினால் 79-இன் பாதுகாப்பே கழன்றுவிடும் என்று 7-ஆம் விதி சொல்கிறது. ஊருக்கு உபகாரமாகத் தளம் நடத்தும் ஒற்றை ஆளுக்கும் கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கும் அடிப்படைக் கடமைகளில் வேறுபாடு வைக்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

கூகுள் இந்தியாவுக்கும் விசாகா இண்டஸ்ட்ரீஸுக்கும் இடையிலான வழக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் காட்டிப் பயமுறுத்தக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் தயாரிக்கும் நிறுவனத்தைக் கண்டித்து 2008-இல் ஒருவர் எழுதியதை நீக்கவில்லை என்பது புகார். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூகுள்மீதான அவதூறு வழக்கை ரத்து செய்ய மறுத்தது. காரணம், அந்தச் சம்பவம் திருத்தத்துக்கு முந்திய பழைய 79-ஆம் பிரிவின் காலத்தைச் சேர்ந்தது; அந்தப் பழைய பிரிவு தண்டனைச் சட்டத்துக்கு எதிராகக் காப்பு தரவில்லை என்பதை மேலேயே சொன்னேன். உங்கள் பதிவு 2009-க்குப் பிறகு வந்தது. நீங்கள் நிற்கும் தரை வேறு.

ஒரு விஷயத்தில் மட்டும் நீதிமன்ற உத்தரவுக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம், மார்பிங் செய்த படம், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் ஆகியவை பற்றிப் புகார் வந்தால், சம்பந்தப்பட்டவர் சொன்னால் போதும், உடனே எடுத்துவிடுங்கள். விதி 2021-இலேயே 24 மணி நேரம் என்றது. உங்களால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்றால் ஒரு மணி நேரத்தில் செய்யுங்கள். பாஜி வழக்கில் அந்தச் சனி இரவுக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் அழிந்தது யாருடைய வாழ்க்கை என்று யோசித்தால் கெடுவைக் கணக்கிடத் தோன்றாது. மருத்துவமனை பில்லும் இதுவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள்தான் ஒன்றில் பயந்து அழிக்கிறார்கள், மற்றதில் அலட்சியமாகத் தூங்குகிறார்கள்.

வாட்ஸ்அப் குழு நடத்துபவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். குழுவில் ஒருவர் போட்டதற்கு, வெறும் அட்மின் என்பதால் மட்டும் அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன. சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பதிவை இப்போது அழிக்காதீர்கள். பதிவின் பக்கத்தையும் அது வந்த நேரத்தையும் திருத்த வரலாற்றையும் படமெடுத்து ஒரு பென்டிரைவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கு நோட்டீஸின் நகலை அனுப்பி, அவர் சொன்னதற்கு பில் போன்ற ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையை, பொதுநலனுக்காகச் சொல்வது அவதூறு ஆகாது என்பது 356-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு. அந்த பில்தான் அவருக்கும் உங்களுக்கும் கவசம். ஆதாரம் இல்லை, கோபத்தில் எழுதிவிட்டேன் என்று அவரே சொன்னால், அவரே எடுத்துவிடட்டும்.

அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் மருத்துவமனையின் வக்கீல் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டம் அதிகாரம் கொடுத்த அரசு அமைப்பு எழுத்தில் கேட்டாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோ மட்டும் கொடுங்கள். எழுதியவர் யார் என்று தெரியாமல் வழக்குப் போட வழியில்லை என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். அடையாளம் தெரியாத எதிரிக்கு "அசோக் குமார்" என்று பெயர் வைத்து வழக்குத் தாக்கல் செய்யும் வழக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் உண்டு. 2012-இல் திருட்டுப் படப் பதிவிறக்கத்துக்கு எதிராக அப்படி வாங்கிய உத்தரவை வைத்து இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கியபோது, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும் என்று நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. ஆகவே நாளைக்கு உங்களுக்கு ஓர் உத்தரவு வந்தாலும், எந்தப் பக்கம், எந்த வரி என்று பார்த்து அதை மட்டும் நீக்குங்கள்.

வக்கீலுக்கு நீங்கள் எழுதும் பதில் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நோட்டீஸ் இன்ன தேதியில் கிடைத்தது. அதைக் குறைதீர்ப்பு அலுவலரிடம் வந்த புகாராகப் பதிவு செய்திருக்கிறோம். பதிவை எழுதியது மூன்றாம் நபர், நாங்கள் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. எந்தெந்த வாக்கியம் பொய், எதனால் பொய் என்று ஆவணத்தோடு தெரிவியுங்கள். உங்கள் மருத்துவமனையின் மறுப்பை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடத் தயாராக இருக்கிறோம். நீதிமன்ற உத்தரவு வந்தால் கெடுவுக்குள் நிறைவேற்றுவோம். இவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் எந்த இடத்திலும் வர வேண்டாம். "மாற்றவில்லை" என்று எழுதுவதற்கு முன் பதிவேட்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ஒப்புகை வந்ததும் அதை நோட்டீஸோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.